ஒரே நாளில் சிங்க்வே தெர்ரே: ஐந்து ஊரா, மூணு ஊரா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பயணத் திட்டம் பத்தினது. "இத்தாலி போறேன், கையில ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்கு, அந்தக் கலர் கலர் வீடு இருக்கிற கடலோர ஊருக்கெல்லாம் போயிட்டு வந்துடலாமா?" இந்தக் கேள்வி இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப வருது. இன்ஸ்டாகிராமில் நீங்க கண்டிப்பாப் பார்த்திருப்பீங்க. பாறை மேல மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் கலர் வீடுகள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி, கீழ நீலக் கடல். அதுதான் சிங்க்வே தெர்ரே. சொல்லும்போது முதல் எழுத்தை "பச்சை"யில் வர்ற ச் மாதிரி அழுத்திச் சொல்லணும். இத்தாலிய மொழியில் "ஐந்து நிலங்கள்"னு அர்த்தம்.

சுருக்கமான பதில்: முடியும். ஆனா நான் போன மாதிரி போகாதீங்க. நான் போட்ட திட்டம், அது எங்கே உடைஞ்சது, இப்போ மறுபடி போனா எப்படிப் போவேன், மூணையும் சொல்றேன்.

முதலில் வரைபடம்

இத்தாலியோட வடமேற்குக் கடற்கரை, லிகூரியா மாநிலம். தெற்கே லா ஸ்பெட்ஸியான்னு ஒரு துறைமுக நகரம், வடக்கே லெவான்தோன்னு ஒரு சின்ன ஊர். இந்த ரெண்டுக்கும் நடுவில் மலை நேராக் கடலில் இறங்குது. அந்தச் சரிவில்தான் ஐந்து ஊர்கள். தெற்கிலிருந்து வரிசையாச் சொன்னா ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்நாட்ஸா, மொந்தெரோஸ்ஸோ. இந்த வரிசையை மனப்பாடம் பண்ணிக்கோங்க. ரயில், படகு, நடைபாதை எல்லாமே இதே வரிசையில்தான் போகும்.

1870களில் ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்ஸியாவுக்கும் ரயில் பாதை வந்த பிறகுதான் இந்த ஊர்களுக்கு வெளி உலகத்தோட சுலபமான தொடர்பு கிடைச்சது. அதுக்கு முன்னாடி படகு, இல்லைன்னா கழுதைப் பாதை. இன்னைக்கும் காரை ஊருக்குள்ள கொண்டுபோக முடியாது. காரில் வர்றவங்க லா ஸ்பெட்ஸியாவிலோ லெவான்தோவிலோ நிறுத்திட்டு ரயில் ஏறுறதுதான் புத்திசாலித்தனம். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ரயிலில் ரெண்டிலிருந்து ஐந்து நிமிஷம்தான். பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடும். திடீர்னு ஒரு இடைவெளியில் கடல் தெரியும், அதுக்குள்ள அடுத்த சுரங்கம் வந்துடும்.

1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமா அறிவிச்சது. 1999-இல் தேசியப் பூங்கா ஆச்சு. நிரந்தரமா வாழ்ற மக்கள் ஐந்து ஊரும் சேர்த்தே சுமார் 4,000 பேர்தான். வருஷத்துக்கு வந்து போறவங்க லட்சக்கணக்கில். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் இதுக்குத் திரும்பி வருவேன்.

என் ஸ்ப்ரெட்ஷீட்

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் பீசாவில் முதுகலை படிக்கிறான். ஜூலை கடைசியில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். பீசாவிலிருந்து லா ஸ்பெட்ஸியா ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். சரி, ஒரு நாள் போயிட்டு வரலாம்னு முடிவு பண்ணோம்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். என் கையில் ஒரு நாளைக் கொடுத்தா என்ன பண்ணுவேன்? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். முதல் வரிசையில் ஊர் பேர், ரெண்டாவதில் வந்து சேரும் நேரம், மூணாவதில் கிளம்பும் நேரம், நாலாவதில் அங்கே எடுக்க வேண்டிய போட்டோ. ஒவ்வொரு ஊருக்கும் ஐம்பது நிமிஷம். நடுவில் ஒரு மலையேற்றம், கொர்னீலியாவிலிருந்து வெர்நாட்ஸா வரைக்கும். மொந்தெரோஸ்ஸோவில் கடல் குளியல். இரவு ஒன்பதுக்குத் திரும்பும் ரயில். "பஃபர்"னு ஒரு தனி வரிசையே வெச்சிருந்தேன். அதில் எல்லாக் கட்டத்திலும் பத்து நிமிஷம். ரொம்பப் பெருமையா நண்பனுக்கு அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டான்.

காலையில் லா ஸ்பெட்ஸியா ஸ்டேஷனில் இறங்கின உடனே முதல் அடி. டிக்கெட் கவுன்டரில் வரிசை. முப்பத்தைந்து நிமிஷம் நின்னோம். அதுக்கப்புறம் வந்த ரயிலில் ஏறவே முடியலை, அவ்வளவு கூட்டம். அடுத்ததில் ஏறினோம். ரியோமஜ்ஜோரேயில் இறங்கினா ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போற சுரங்க வழியில் கூட்டம் நகரவே இல்லை. மனரோலாவில் அந்தப் பிரபலமான போட்டோ பாயின்ட்டுக்கு ஒரு வரிசை. பதினொன்றரை மணிக்கு ஸ்ப்ரெட்ஷீட்படி நாங்க மலையேற்றத்தை முடிச்சிருக்கணும். நிஜத்தில் கொர்னீலியா ஸ்டேஷனில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை.

கொர்னீலியா பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். மத்த நாலு ஊரும் கடலைத் தொட்டுக்கிட்டு இருக்கு. கொர்னீலியா மட்டும் கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில், பாறை உச்சியில் இருக்கு. படகுத் துறை கிடையாது, அதனால படகு நிக்காது. ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. நடுவில் லார்தரீனான்னு ஒரு படிக்கட்டு. 33 அடுக்கு, ஏறக்குறைய 380 படி. ஸ்டேஷன் வாசலிலிருந்து மேலே போக ஒரு சின்ன பஸ் இருக்கு. அன்னைக்கு அதுக்கும் வரிசை.

நண்பன் ஒரே ஒரு தடவை சொன்னான்: "பஸ்ஸு வரட்டுமேடா."

நான் சொன்னேன்: "அதுக்குள்ள ஏறிடலாம் மச்சி."

ஏறினோம். ஊரைச் சரியாப் பார்க்கக்கூட இல்லை. ஒண்ணேகாலுக்கு வெர்நாட்ஸா பாதையில் கால் வெச்சோம். ஜூலை மாசம், மதியம் ஒண்ணேகால், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணி.

பிரேவோவுக்கு முன்னாடி

இந்தப் பாதை தூரம்னு பார்த்தா சுமார் மூணரை, நாலு கிலோமீட்டர்தான். அதனாலதான் ஏமாந்துடுவோம். தட்டையான மூணரை கிலோமீட்டர் இல்லை. ஆலிவ் மரங்களுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில், ஒரே மாதிரி உயரமில்லாத கல் படிகளில் ஏறி, சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிற பிரேவோன்னு ஒரு சின்னக் குடியிருப்பைத் தொட்டு, அப்புறம் வெர்நாட்ஸாவுக்கு இறங்கணும். நிழல் விட்டுவிட்டுத்தான் வரும். வழியில் எங்கேயாவது குழாய் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

என் நண்பன் சாதாரணமா வாயை மூடவே மாட்டான். நடந்துக்கிட்டே ஏதாவது பேசிட்டே வருவான். ஒரு கட்டத்தில் பின்னாடி சத்தமே இல்லைன்னு எனக்குத் தோணுச்சு. திரும்பிப் பார்த்தேன். "அஞ்சு நிமிஷம்டா"ன்னு சொல்லிட்டு ஒரு கல் சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்துட்டான். முகம் வெளுத்துப்போய் இருந்தது. நெத்தியில் வியர்வை, ஆனா கையைத் தொட்டா சில்லுன்னு இருக்கு. குமட்டுதுன்னான். பாட்டிலில் ஒரு வாய் தண்ணிதான் மிச்சம்.

நான் அப்போ என்ன பண்ணேன்னு நேர்மையாச் சொல்றேன். வாட்ச்சைப் பார்த்தேன். ரெண்டு பத்து. இன்னும் ரெண்டு ஊர் பாக்கி. என் மூளை முதலில் போட்டது அந்தக் கணக்கைத்தான். ஒரு ரெண்டு செகண்டுதான், ஆனா போட்டது.

எதிரிலிருந்து வயசான ஒரு தம்பதி வந்தாங்க. அந்த அம்மா அவனைப் பார்த்ததுமே பையைக் கீழே வெச்சுட்டாங்க. ஆங்கிலம் கொஞ்சம்தான் வந்தது, ஆனா என்ன பண்ணணும்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது. அவனை நிழலுக்கு நகர்த்திப் படுக்க வெச்சு, காலைத் தூக்கி என் பையின் மேல வெச்சாங்க. ஒரு துண்டை நனைச்சுக் கழுத்தில் போட்டாங்க. உப்புக் கரைசல் பொடி ஒரு பாக்கெட் வெச்சிருந்தாங்க, அதைத் தண்ணியில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கச் சொன்னாங்க. அப்புறம் அவன்கிட்ட ஒரு கேள்வி: "இன்னைக்கு என்ன கிழமை?" அவன் சரியாச் சொன்னான். அவங்க என் பக்கம் திரும்பி, "பதில் குழம்பினா, வாந்தி எடுத்தா, உடனே 112"ன்னாங்க. ஐரோப்பா முழுக்க அவசர உதவி எண் அது. போனில் சேமிச்சு வெச்சுக்கோங்க.

நாப்பது நிமிஷம் அங்கேயே இருந்தோம். அவங்களும் எங்களோடவே இருந்தாங்க. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா பிரேவோவுக்கு ஏறினோம். அங்கே ஒரு சின்ன பார் இருக்கு. எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். நாலரைக்குத்தான் வெர்நாட்ஸாவில் இறங்கினோம். துறைமுகத்துப் படியில் காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, சாயந்திரம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மொந்தெரோஸ்ஸோவை நான் அன்னைக்குப் பார்க்கவே இல்லை.

திரும்பும் ரயிலில்தான் அவன் சொன்னான். படிச்சுக்கிட்டே ஒரு சமையலறையில் பகுதி நேர வேலை பார்க்கிறான். முந்தின நாள் ராத்திரி வேலை முடிச்சு வீட்டுக்கு வரும்போது மணி ரெண்டு. மூணு மணி நேரம்தான் தூங்கியிருக்கான். "ஏன்டா சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீ அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்க. லிஸ்ட்டை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

எனக்குப் பதில் வரலை. அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் எல்லாத்துக்கும் கட்டம் இருந்தது. "உனக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்க மட்டும் இல்லை.

இப்போ போனா எப்படிப் போவேன்

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, செப்டம்பர் கடைசியில் மறுபடி போனேன். அதே நண்பனோடதான். இந்தத் திட்டம் அந்த ரெண்டாவது பயணத்திலிருந்து வர்றது.

முதல் விதி: ஐந்து ஊர் வேண்டாம். மூணு ஊர், ஒரு நடை, ஒரு குளியல், உட்கார்ந்து ஒரு சாப்பாடு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தாங்கும்.

ரெண்டாவது விதி: நடையைக் காலையில் வைங்க, ரயிலை மதியத்துக்கு வைங்க. வெயில் ஏறின பிறகு பாதையில் இருக்கக் கூடாது.

மூணாவது விதி: தூரத்து ஊரிலிருந்து ஆரம்பிங்க. லா ஸ்பெட்ஸியாவிலிருந்து வர்றவங்க நிறைய பேர் முதல் நிறுத்தமான ரியோமஜ்ஜோரேயில் இறங்கிடுவாங்க. நீங்க இறங்காதீங்க. நேரா மொந்தெரோஸ்ஸோ போயிடுங்க, இருபத்தைந்து நிமிஷத்துக்குள்ள போயிடலாம்.

நேரக் கணக்கு இப்படி. எட்டேகாலுக்கு லா ஸ்பெட்ஸியா. ஒன்பது மணிக்குள்ள மொந்தெரோஸ்ஸோ. ஒரு ஃபொக்காச்சா, ஒரு காபி, ரெண்டு லிட்டர் தண்ணி. ஆளுக்கு ரெண்டு லிட்டர், சேர்த்து இல்லை. ஒன்பதரைக்கு வெர்நாட்ஸா பாதையில் ஏறுங்க. ஆரம்பத்திலேயே படிகள் நிறைய இருக்கும், மூச்சு வாங்கும், ஆனா காலையில் தாங்கலாம். மூணரை கிலோமீட்டரை ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரத்தில் நடந்துடலாம். கடைசி வளைவில் வெர்நாட்ஸா மேலிருந்து தெரியும். கோபுரம், துறைமுகம், தண்ணியின் விளிம்பிலேயே நிக்கிற சாந்தா மார்கெரித்தா தேவாலயம். போட்டோவுக்கு வரிசை கிடையாது. நடந்து வந்தவங்களுக்கு மட்டும் கிடைக்கிற காட்சி அது.

பதினொன்றரைக்கு வெர்நாட்ஸா. பன்னிரண்டுக்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துடுங்க, ஒரு மணிக்கு மேல மேசை கிடைக்கிறது கஷ்டம். ரெண்டு மணிக்கு ரயில் பிடிச்சு மனரோலா. அங்கே மணல் கடற்கரை கிடையாது, பாறைகளுக்கு நடுவில் ஆழமான தண்ணி. நீச்சல் நல்லாத் தெரிஞ்சா மட்டும் இறங்குங்க. தெரியாதவங்களும் குழந்தைகளோட வர்றவங்களும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, மதியத்தை மொந்தெரோஸ்ஸோவில் கழிங்க. ஐந்து ஊரில் சரியான மணல் கடற்கரை இருக்கிறது அங்கேதான். சாயந்திரம் மனரோலாவில் ஒரு மேட்டில் உட்கார்ந்து வெளிச்சம் மாறுறதைப் பாருங்க. சூரியன் மறையும் வரை இருக்கணும்னு ஆசைப்பட்டா ஒரு எச்சரிக்கை: ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் மறைய ராத்திரி ஒன்பது ஆகும். நீங்க பிளாரன்ஸிலிருந்து வந்திருந்தா கடைசி இணைப்பு ரயில் எத்தனை மணிக்குன்னு காலையிலேயே பார்த்து வெச்சுக்கோங்க. ராத்திரி பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

டிக்கெட், கார்டு, ஸ்ட்ரைக்

சிங்க்வே தெர்ரே கார்டுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வகை. ஒண்ணு நடைபாதைக்கும் ஊர் பஸ்ஸுக்கும் மட்டும். இன்னொண்ணில் அதோட லா ஸ்பெட்ஸியா முதல் லெவான்தோ வரை அன்னைக்கு எத்தனை தடவை வேணும்னாலும் ரயிலில் ஏறி இறங்கலாம். விலை சீசனையும் நாளையும் பொறுத்து மாறும், அதனால நம்பர் சொல்ல மாட்டேன். ஆனா சீசனில் இந்த ஊர்களுக்குள்ள தனித்தனி ரயில் டிக்கெட்டும் விலை அதிகம். மூணு தடவைக்கு மேல ஏறப்போறீங்கன்னா ரயில் கார்டுதான் லாபம். முந்தின நாளே ஆன்லைனில் வாங்கிடுங்க. அந்த முப்பத்தைந்து நிமிஷத்தை நான் அங்கேதான் தொலைச்சேன்.

காகித டிக்கெட் வாங்கினா, ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்தில் இருக்கிற சின்ன மெஷினில் முத்திரை குத்தணும். டிக்கெட் கையில் இருக்கேன்னு ஏறிட்டா, குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் விழும். நம்ம ஊர் ஆட்கள் நிறைய பேர் மாட்டுறது இங்கேதான்.

இன்னொண்ணு, ஸ்ட்ரைக். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமில்லை, ஆனா முன்கூட்டியே அறிவிச்சிடுவாங்க. "ஷோப்பெரோ" என்ற சொல்லைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. வேலை நாளில் ஸ்ட்ரைக் வந்தாலும் காலை 6 முதல் 9 வரைக்கும், மாலை 6 முதல் இரவு 9 வரைக்கும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்களை ஓட்டியே ஆகணும்னு விதி இருக்கு. அந்த இடைவெளிக்குள்ள போயிட்டு வர்ற மாதிரி திட்டத்தை மாத்திக்கலாம்.

எந்தப் பாதை திறந்திருக்கு?

போறதுக்கு முந்தின நாள் ராத்திரி பூங்காவோட இணையதளத்தைப் பாருங்க. இது கட்டாயம். கனமழை எச்சரிக்கை ஆரஞ்சு அல்லது சிவப்புன்னு வந்தா பாதைகளை மூடிடுவாங்க. மனரோலாவுக்கும் கொர்னீலியாவுக்கும் நடுவில் இருந்த கடலோரப் பாதை நிலச்சரிவால் பல வருஷமா மூடிக் கிடந்தது. அதுக்குப் பதிலா மேலே வொலாஸ்த்ரா ஊர் வழியா ஒரு பாதை உண்டு. மனரோலாவிலிருந்து பஸ்ஸில் வொலாஸ்த்ரா ஏறி, அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் கொர்னீலியாவுக்கு நடக்கலாம். முட்டி உள்ளவங்களுக்கு ஏறும் வேலை மிச்சம்.

கூட்டம் அதிகமான சில நாள்களில் மொந்தெரோஸ்ஸோ–வெர்நாட்ஸா பாதையை ஒருவழி ஆக்குவாங்க. விடுற திசை மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்நாட்ஸா. நான் சொன்ன திட்டம் அதோட ஒத்துப் போகும்.

செருப்பு பத்தி. ரப்பர் செருப்போட இந்தப் பாதையில் நடக்கக் கூடாது. இது என் அறிவுரை இல்லை, பூங்காவோட விதி. மீறினா 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம்.

அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்குத் தனித் திட்டம். ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்கு "வியா தெல்லாமோரே"ன்னு ஒரு பாதை, காதல் பாதைன்னு பேர். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஏற்றமும் இல்லை. 2012 செப்டம்பரில் பாறை சரிஞ்சு சுற்றுலா வந்த நாலு பேருக்குக் காயம் ஆனதும் மூடினாங்க. பாறைச் சரிவைப் பிடிச்சு நிறுத்துற வேலை எல்லாம் முடிஞ்சு 2024-இல்தான் திறந்தாங்க. ஒரு கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு வருஷம். கார்டு மட்டும் போதாது, நேரத்தையும் முன்பதிவு பண்ணணும். அதை நடந்துட்டு, மனரோலாவிலிருந்து படகில் வெர்நாட்ஸா அல்லது மொந்தெரோஸ்ஸோ போகலாம். வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரைக்கும்தான் படகு ஓடும், அதுவும் கடல் அமைதியா இருந்தா. கொர்னீலியாவை விட்டுடுங்க. அம்மா முட்டிக்கு 380 படி வேண்டாம்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுறவங்களுக்கு லிகூரியா நல்ல இடம். பெஸ்தோ இந்த மண்ணோட சரக்கு. த்ரோஃபியேன்னு முறுக்கின குட்டிப் பாஸ்தாவில் பெஸ்தோ, உருளைக்கிழங்கு, பீன்ஸ் போட்டுத் தருவாங்க. ஃபரினாத்தான்னு ஒண்ணு உண்டு: கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய தட்டில் ஊத்தி அடுப்புக்குள்ள விட்டு எடுப்பாங்க. என் நண்பன் அதுக்கு "இத்தாலி அடை"ன்னு பேர் வெச்சிருக்கான். அசைவம்னா மொந்தெரோஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலி. உட்கார்ந்து சாப்பிட்டா பில்லில் "கொப்பெர்தோ"ன்னு ஆளுக்கு ஒரு சின்னத் தொகை சேரும். ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க, அது வழக்கமான மேசைக் கட்டணம்.

அந்தச் சுவர்

என் நண்பன் சாய்ஞ்சு உட்கார்ந்தானே, அந்தக் கல் சுவருக்கு வர்றேன். நாப்பது நிமிஷம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன், வேற என்ன பண்றது? அதில் சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. வெறும் கல் மேல கல். விரலை விட்டா உள்ளே ஈரம் தெரிஞ்சது.

பிறகுதான் படிச்சேன். இந்த மலைச் சரிவு முழுக்க ஏறக்குறைய ஆயிரம் வருஷமா மனுஷங்க படிப்படியா வெட்டி, கல் சுவர் வெச்சு மண்ணை நிறுத்தி, திராட்சை வளர்த்த நிலம். சாந்து பூசாததுக்குக் காரணம் இருக்கு. மழைத் தண்ணி சுவருக்குப் பின்னாடி தேங்கினா அதோட அழுத்தமே சுவரைத் தள்ளிடும். கல் இடுக்கு வழியாத் தண்ணி கசிஞ்சு வெளியேறணும். ஆனா இந்தச் சுவருக்கு வருஷா வருஷம் ஆள் வேணும். ஒரு கல் விழுந்தா எடுத்து வைக்கணும். வைக்கலைன்னா அடுத்த மழையில் பத்து கல் விழும், அதுக்கடுத்த மழையில் மண்ணே இறங்கும். பரம்பரை பரம்பரையா இதைப் பராமரிச்சவங்களோட பிள்ளைங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. செங்குத்துச் சரிவில் திராட்சைக் கூடை தூக்குறதைவிட நம்மள மாதிரி ஆட்களுக்கு ரூம் வாடகைக்கு விடுறதில் வருமானம் அதிகம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இப்போ அறுவடைக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுற குட்டி வண்டி வெச்சிருக்காங்க, பாதையில் பார்ப்பீங்க. சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018-இல் இத்தாலி உள்பட எட்டு நாடுகளின் பேரில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

2011 அக்டோபர் 25. சில மணி நேரத்தில் கொட்டின பேய் மழையில் மலை இறங்கி வந்தது. வெர்நாட்ஸாவின் ஒரே பெரிய தெரு பல மீட்டர் உயரத்துக்குச் சேறும் கல்லுமா மூடிப்போச்சு. கடைகள், ரயில் நிலையம் எல்லாம் உள்ளே. வெர்நாட்ஸாவில் மூணு பேர் இறந்தாங்க. மொந்தெரோஸ்ஸோவிலும் பெரிய சேதம். மழைதான் காரணம், ஆனா கைவிட்ட சரிவுகள் சேதத்தைக் கூட்டின. நாங்க கால் நனைச்சு உட்கார்ந்திருந்த அந்தத் துறைமுகம் வரைக்கும் சேறு வந்திருக்கு. இன்னைக்கு அங்கே நின்னா உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஊர்க்காரங்க கையால தோண்டி எடுத்து மறுபடி கட்டியிருக்காங்க.

இப்போ அந்த 4,000 பேர் கணக்குக்கு வர்றேன். ஒரு நாள் பயணிதான் அந்த ஊருக்குப் பெரிய பாரம். காலையில் வர்றோம், தெருவை அடைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், பிளாரன்ஸில் வாங்கின சாண்ட்விச்சைத் தின்னுட்டுக் குப்பையை அங்கே போட்டுட்டு ராத்திரி கிளம்பிடறோம். நானும் முதல் தடவை அதைத்தான் பண்ணேன். போகாதீங்கன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனா முடிஞ்சா ஒரு ராத்திரி தங்குங்க. ஏழு மணிக்கு மேல ஊர் ஊர்க்காரங்ககிட்டத் திரும்பிப் போகும், அதைப் பார்க்கலாம். தங்க முடியலைன்னா ஏப்ரல் தொடக்கம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதிரி மாசத்தில், வேலை நாளில் போங்க. சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்க. அந்தச் சரிவில் விளைஞ்ச ஏதாவது ஒண்ணு வாங்குங்க. ஷாக்கெத்ரான்னு உலர வெச்ச திராட்சையில் செய்ற இனிப்பு ஒயின் இருக்கு, குடிக்காதவங்களுக்குத் தேன், எலுமிச்சை. அந்தக் காசுதான் சுவரில் விழுந்த கல்லை யாராவது எடுத்து வைக்கிறதுக்குக் காரணமா இருக்கும். பாதையை விட்டு விலகிச் சுவர் மேல ஏறிப் போட்டோ எடுக்காதீங்க.

ரெண்டாவது தடவை போனப்போ ஸ்ப்ரெட்ஷீட் எடுத்துட்டுப் போகலை. ஒரு தாளில் மூணு ஊர் பேர், கடைசி ரயில் நேரம், அவ்வளவுதான். கிளம்புறதுக்கு முன்னாடி நண்பன்கிட்ட "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?"ன்னு கேட்டேன். சிரிச்சான். மொந்தெரோஸ்ஸோவை அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன். வழி நெடுக அவன் பேசிக்கிட்டே வந்தான். சுத்தி வர ஆலிவ் மரம், கீழே கடல், இவன் எனக்கு வீட்டு ஓனர் கதை சொல்லிட்டு வர்றான்.

இந்த எபிசோடைப் போடலாமான்னு அவன்கிட்ட அனுமதி கேட்டேன். "போடு, ஆனா நான் மயக்கம் போட்டு விழுந்தேன்னு மட்டும் சொல்லாதே"ன்னான். சரி மக்களே, பதிவு பண்ணிக்கோங்க: அவன் மயக்கம் போடலை. உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

உங்க பயணத்தில் இப்படித் திட்டம் உடைஞ்ச நாள் இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்த்துக்கலாம். தண்ணி நிறையக் குடிங்க. பார்க்கலாம்.